கார்போஹைட்ரேட்: அணுக்களை எண்ணுவதோடு நின்றுவிடும் தவறுகள்

கார்போஹைட்ரேட் என்ற பெயரை அப்படியே நம்பி, கார்பனுடன் நீர் மூலக்கூறுகள் ஒட்டியிருக்கும் சேர்மம் என்று எழுதிவிடுவது பலரும் செய்யும் முதல் தவறு. குளுக்கோஸில் 6 கார்பன், 12 ஹைட்ரஜன், 6 ஆக்சிஜன் அணுக்கள் இருப்பதைப் பார்த்து வைக்கப்பட்ட பெயர் அது. உள்ளே நீர் கிடையாது, கார்பன் சங்கிலியில் பிணைந்த ஹைட்ராக்சில் (OH) தொகுதிகளும் ஓர் ஆல்டிஹைடு (CHO) தொகுதியும்தான் உள்ளன. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் 2:1 என்ற விகிதத்தில் இருக்க வேண்டும் என்பதையே இலக்கணமாகக் கொள்ளவும் முடியாது. அசிட்டிக் அமிலம் அந்த விகிதத்தில் அடங்கியும் சர்க்கரை ஆவதில்லை. டிஎன்ஏவில் உள்ள டிஆக்சிரைபோஸோ அடங்காமலேயே சர்க்கரையாக இருக்கிறது. பூச்சிகளின் மேலோட்டில் உள்ள கைட்டினில் நைட்ரஜன்கூட உண்டு.

வாய்பாடு ஒன்றாக இருந்தால் பொருளும் ஒன்று என்று எண்ணுவது அடுத்த தவறு. குளுக்கோஸ், ஃபிரக்டோஸ், காலக்டோஸ் மூன்றுக்கும் ஒரே வாய்பாடுதான். ஆனால் ஃபிரக்டோஸில் இருப்பது கீட்டோன் தொகுதி (சங்கிலியின் நடுவே உள்ள C=O), காலக்டோஸிலோ 4ஆம் கார்பனின் ஹைட்ராக்சில் மட்டும் திசை மாறியிருக்கிறது.

சுக்ரோஸின் வாய்பாட்டை எழுதும்போது குளுக்கோஸையும் ஃபிரக்டோஸையும் வெறுமனே கூட்டி 12, 24, 12 என்று போட்டுவிடுகிறார்கள். இரண்டும் இணையும்போது ஒரு நீர் மூலக்கூறு வெளியேறுவதால் 12 கார்பன், 22 ஹைட்ரஜன், 11 ஆக்சிஜன் என்பதே சரி. இதே சுக்ரோஸ், சர்க்கரைகளைச் சோதிக்கப் பயன்படும் நீலநிறப் பெனடிக்ட் கரைசலைச் செங்கல் நிறமாக்கும் என்று எழுதுவதும் பிழை (லாக்டோஸும் மால்டோஸும் ஆக்குவதால் வரும் குழப்பம் இது). சுக்ரோஸில் இரு சர்க்கரைகளின் ஒடுக்கும் முனைகளுமே (கரைசலுடன் வினைபுரிந்து நிறத்தை மாற்றும் பகுதிகள்) பிணைப்பில் பூட்டப்பட்டுவிடுவதால் கரைசல் நீலமாகவே நிற்கும். நீர்த்த அமிலத்துடன் கொதிக்கவைத்து, அமிலத்தை நடுநிலையாக்கிய பிறகு சோதித்தால்தான் நிறம் மாறும்.

மாவுச்சத்தும் தாவரச் செல்சுவரில் உள்ள செல்லுலோஸும் குளுக்கோஸால் ஆனவை என்பதால் இரண்டும் ஒரேபோல் செரிக்கும் என்று கருதுவதைத்தான் இவற்றுள் பெரிய தவறு என்பேன். மாவுச்சத்தில் குளுக்கோஸ் அலகுகள் ஆல்ஃபா பிணைப்பாலும், செல்லுலோஸில் பீட்டா பிணைப்பாலும் கோக்கப்பட்டுள்ளன (இரண்டும் பிணைப்பின் திசையில் வேறுபடுபவை). உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் என்ற நொதி ஆல்ஃபா பிணைப்பை வெட்டும். பீட்டா பிணைப்பைத் தொடாது. அயோடின் சோதனையிலும் இந்த வேறுபாடு தெரியும்: மாவுச்சத்தில் உள்ள அமைலோஸ் என்ற குளுக்கோஸ் சங்கிலி சுருள்வில்போல் வளைந்து தன் நடுவே அயோடினைப் பிடித்துக்கொள்வதால் கருநீலம் தோன்றுகிறது. செல்லுலோஸ் சங்கிலி நேராக நீண்டு பக்கத்துச் சங்கிலிகளுடன் ஹைட்ரஜன் பிணைப்பால் இறுகிக் கிடப்பதால், அயோடின் மட்டும் விட்டால் அந்தக் கருநீலம் வருவதில்லை.