நூல் சாட்டை பின்னலாம் வாங்க: மூன்று கயிறு பாழாக்கிக் கற்றது

காங்கேயம் பக்கம் கொறங்காட்டில், அதாவது மேய்ச்சல் நிலத்தில், மாட்டுக்குக் காவல் ஆள் தேவையில்லை. சுற்றிலும் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நிழலுக்கு வெள்வேலா மரம். வேலி வாசலான கடவைச் சாத்திவிட்டால் மாடு தன்பாட்டுக்கு மேயும். சாட்டை வேண்டியது வண்டி பூட்டும்போதும், மாட்டைப் பட்டிக்குத் திருப்பும்போதும்தான். அதுவும் சத்தத்துக்கு, அடிக்க அல்ல. அப்பாரு (தாத்தா) பின்னி வைத்திருந்த சாட்டையை எலி கடித்துப் போட்டது. சந்தையில் புதுசு கிடைக்கும்; ஆனால் அவர் கைப்பின்னல் கிடைக்காதே என்று நானே உட்கார்ந்தேன்.

6 அடிச் சாட்டைக்கு: கைப்பிடிக்கு 2 அடிக் கல்மூங்கில் (உள்ளே கூடு இல்லாத கெட்டி மூங்கில்), ஒரு சாண் தோல்வார், மூன்று புரி முறுக்கிய பருத்திக் கயிறு 18 அடியில் இரண்டு, கொஞ்சம் தேன்மெழுகு. பின்னினால் நீளம் மூன்றில் ஒரு பங்கு குறையும், அதனால் கயிற்றில் கஞ்சத்தனம் வேண்டாம். நைலான் கயிறு மழைக்குத் தாங்கும் என்பார்கள். எனக்குப் பிடிக்காது, வழுக்கும், புதிதாகப் பின்னுகிறவர் கையில் நிற்காது.

மூங்கில் முனையிலிருந்து ஓர் அங்குலம் தள்ளித் துளை போடுங்கள். ட்ரில் போட்டேன், விர்ரென்று பிளந்தது. ஆணியைப் பழுக்கக் காய்ச்சி, குறடால் பிடித்து மெதுவாக இறக்கினால் பிளக்காது. வாரை விளக்கெண்ணெயில் ஊறவைத்துத் துளையில் கோத்து வளையமாக முடிச்சிடுங்கள்.

இரண்டு கயிற்றையும் வளையத்தில் நுழைத்து நடுவில் மடித்தால் நாலு இழை. கைப்பிடியை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு ஆரம்பியுங்கள். வலது கோடி இழையைப் பின்பக்கமாக இரண்டு இழை தாண்டி முன்னால் எடுத்து, ஓர் இழைக்கு மேலாக மடக்கித் தன் பக்கமே திருப்புங்கள். அடுத்தது இடது கோடி, அதே மாதிரி. பத்துத் தடவை செய்தால் கை பழகிவிடும்.

நான் மாட்டிக்கொண்டது இதற்கப்புறம். சாட்டை போகப்போக மெலிய வேண்டும். 3 அடி வந்ததும் நாலு இழையிலும் ஒவ்வொரு புரியை ஒரே இடத்தில் நறுக்கிவிட்டேன். அந்த இடத்தில் சாட்டை கழுத்தொடிந்தது போல மடங்கியது. வீசினால் சொத்தென்று விழுந்தது, சத்தமே இல்லை. அப்பாரு தடவிப் பார்த்துவிட்டு, "என்ன கண்ணு, எலிய முழுங்குன பாம்பாட்ட இருக்குது" என்றார்.

அவர் காட்டிய வழி: முதல் இழையில் ஒரு புரியைப் பிரித்து நறுக்குங்கள். நறுக்கிய முனையைப் பின்னலுக்கு உள்ளே விட்டு, மிச்சம் இரண்டு புரியையும் திரும்ப முறுக்கிப் பின்னுங்கள். நாலு விரற்கடை போனபின் அடுத்த இழை. இப்படித் தள்ளித் தள்ளி நாலையும் முடித்து, மறுபடி ஒரு சுற்று. கடைசி ஒரு சாணுக்கு இழைக்கு ஒரே புரிதான் மிஞ்சும். வேகம் நுனிவரை தடங்கலின்றி ஓட இந்த மெலிவுதான் காரணம். நுனி ஒலியின் வேகத்தை, அதாவது நொடிக்குச் சுமார் 340 மீட்டரைத் தாண்டும்போதுதான் அந்த 'படீர்'.

நுனியில் முடிச்சிட்டு, முறுக்கிய நூலில் அரைச் சாண் குஞ்சம் கட்டுங்கள். தேய்வது அதுதான்; மாற்றிக்கொள்ளலாம். பின்னல் முழுக்க மெழுகு தேய்த்தால் பிசிறு அடங்கும்.

கைப்பிடி முனையில் ஆணி வைக்கலாமா என்று ஒருவர் கேட்டிருந்தார். வேண்டாம். முள் வைத்த கோலால் மாட்டை ஓட்டுவதை, வண்டி இழுக்கும், பொதி சுமக்கும் விலங்குகளை வதைப்பதற்கு எதிரான 1965-ஆம் ஆண்டு விதிகளே தடை செய்திருக்கின்றன.

பிற்சேர்க்கை: பின்னல் திருகாணி போலச் சுற்றிக்கொள்கிறது என்று மூன்று பேர் எழுதினார்கள். ஒரு கை அதிகமாக இழுக்கிறது, அவ்வளவுதான். பிரிக்க வேண்டாம். லேசாக ஈரப்படுத்தித் திண்ணையில் போட்டு, மேலே பலகை வைத்து அழுத்தி உருட்டுங்கள். மெழுகு தேய்ப்பதற்கு முன்னால் செய்யுங்கள். நான் பின்னால் செய்து திண்ணையெல்லாம் பிசுபிசுப்பாக்கி வாங்கிக் கட்டிக்கொண்டேன்.