மீன் திடீர்னு சாகுதா? மருந்துக்கு முன்னாடி தண்ணிய பாருங்க

தொட்டியில ஒண்ணு ரெண்டு மீன் செத்து மிதந்தா உடனே மருந்து வாங்க ஓடாதீங்க, முக்கால்வாசி நேரம் பிரச்சனை தண்ணியிலதான். செத்ததை உடனே எடுத்துடுங்க, அது அழுகினா அம்மோனியா (மீன் கழிவு, அழுகுற பொருள்லருந்து வர்ற விஷம்) இன்னும் ஏறும். மத்த மீனெல்லாம் மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்குதுன்னா ஆக்சிஜன் கம்மி, இல்லன்னா அம்மோனியா, நைட்ரைட் (அம்மோனியா மாறி வர்ற இன்னொரு விஷம்) ஏறிருக்கு, அதனால ஏர் பம்ப்பை ஃபுல்லா வச்சுட்டு 30-லருந்து 50 சதவீதம் தண்ணி மாத்துங்க. குழாய்த் தண்ணின்னா ஆன்டி குளோரின் (குளோரினை நீக்குற மருந்து) கண்டிப்பா போடணும், புதுத் தண்ணியும் பழசும் கிட்டத்தட்ட ஒரே சூட்டுல இருக்கணும். டெஸ்ட் கிட் இருந்தா அம்மோனியா, நைட்ரைட் ரெண்டும் 0 காட்டணும், அதுக்கு மேல எது காட்டினாலும் தினமும் கொஞ்சம் தண்ணி மாத்திட்டே இருங்க. ஒரு நாள் ரெண்டு நாள் தீனி போடலன்னா மீன் சாகாது (நம்ம மனசுதான் கேக்காது).

ஃபில்டர் ஸ்பாஞ்சை குழாய்ல வச்சு பளபளன்னு கழுவுறவங்கதான் அதிகம், குளோரின் பட்டா அதுல இருக்குற, அம்மோனியாவை மாத்துற நல்ல பாக்டீரியா செத்துடும், தொட்டியிலருந்து எடுத்த தண்ணியிலயே லேசா பிழிஞ்சா போதும்.

உடம்புல உப்புத்தூள் தூவின மாதிரி வெள்ளைப் புள்ளி, இல்ல துடுப்பு கிழிஞ்சு அரிச்ச மாதிரி இருந்தா அது நோய், அப்போதான் மருந்து. மருந்து போடும்போது ஃபில்டர்ல கார்பன் (கரி) இருந்தா எடுத்துடுங்க, மருந்தை அது உறிஞ்சிடும். புதுசா வாங்குற மீனை 2-லருந்து 4 வாரம் தனித் தொட்டியில வச்சு பாத்துட்டு அப்புறம் விடுங்க.