நரம்பு நோய்க்குப் பெயர் தெரியும்வரை: தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன மாதம் சிங்கப்பூரில் ஒரு பலதுறை மருந்தகத்தில் (பாலிகிளினிக்) என் எண்ணுக்காகக் காத்திருந்தேன். பக்கத்தில் இருந்த பெண்ணுக்கு முப்பது வயதுகூட இருக்காது. எழுந்து நடந்தபோது வலது கால் செருப்பு கழன்றது. கழன்றதே அவருக்குத் தெரியவில்லை. எடுத்துக் கொடுத்தேன், பேச்சு வளர்ந்தது. பாதத்தில் இரண்டு மாதமாக மரமரப்பு, நரம்பியல் நிபுணரைப் பார்க்க இன்னும் ஒன்பது வாரம். "அதுவரைக்கும் இதைப் போடச் சொன்னார் அம்மா" என்று கைப்பையிலிருந்து மாத்திரை அட்டையை எடுத்துக் காட்டினார். பத்தில் ஐந்து காலி.

எனக்கு நெஞ்சு பதைத்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் நானும் அதே அட்டையோடுதான் உட்கார்ந்திருந்தேன்.

இணையத்தில் படித்துக் கலங்காதீர்கள், நன்றாகத் தூங்குங்கள் என்பதையெல்லாம் யாரும் சொல்லிவிடுவார்கள். நான் எழுதுவது, ஒருமுறை செய்தால் பிறகு திருத்த முடியாதவற்றைப் பற்றி.

இரத்தம் கொடுக்கும் முன்பே நரம்பு மாத்திரை

கால் மரத்தால் நம் வீடுகளில் உடனே வரும் சொல் 'நரம்புத் தளர்ச்சி'. அடுத்து வருவது பி1, பி6, பி12 கலந்த மாத்திரை. மருத்துவர் சீட்டு இல்லாமலே கிடைக்கும். வைட்டமின்தானே, என்ன கெடுதல் என்பார்கள். நான் சைவம். நீரிழிவுக்கு ஒன்பது ஆண்டாக மெட்ஃபார்மின் எடுக்கிறேன். சைவ உணவில் பி12 குறைவு. மெட்ஃபார்மின் அதை உடல் உறிஞ்சுவதையும் குறைக்கும். ஆக, என் காலுக்கு முதலில் சந்தேகிக்க வேண்டிய காரணங்களில் ஒன்று பி12 குறைபாடு.

ஆறு வாரம் விடாமல் விழுங்கினேன். ஏழாவது வாரம் இரத்தம் எடுத்தார்கள். பி12 தாராளமாக இருந்தது. வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று மருத்துவர் கேட்டபோது, சர்க்கரை மாத்திரை மட்டும்தான் என்றேன். வைட்டமினை மருந்துக் கணக்கில் சேர்க்க எனக்குத் தோன்றவில்லை. அவர் பி12ஐ விட்டுவிட்டு வேறு திசையில் தேடப் போனார். முதுகுத்தண்டு எம்ஆர்ஐ, நரம்பு மின்னோட்டச் சோதனை, கடைசியில் இடுப்பில் ஊசி குத்தித் தண்டுவட நீர் எடுத்தார்கள். எதிலும் விடை இல்லை. ஒன்றரை ஆண்டு போனது. மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கு போக, கையிலிருந்தும் வெள்ளி போனது.

பிறகு ஒரு மூத்த மருத்துவர்தான் துருவிக் கேட்டார். மாத்திரை விழுங்கினால் இரத்தத்தில் பி12 விரைவாக ஏறிவிடும். புண்பட்ட நரம்பு தேற மாதக்கணக்கில் ஆகும், சில வேளை முழுதாகத் தேறவும் தேறாது. அறிக்கையில் எண் நன்றாக இருக்கும், கால் மரத்தே கிடக்கும். பி12 குறைந்தால் இரத்தத்தில் உயரும் மீத்தைல்மலோனிக் அமிலமும் மாத்திரை தொடங்கியபின் இறங்கிவிடும். "அதுவாக இருந்திருக்கலாம். இனி உறுதியாகச் சொல்ல வழியில்லை" என்றார். இன்றுவரை என் நோய்க்குப் பெயர் இல்லை. நினைக்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது: தடயத்தை நானே துடைத்திருக்கிறேன்.

மாத்திரையே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பி12 குறைபாட்டைக் கவனிக்காமல் விட்டால் தண்டுவடமே நிரந்தரமாகப் பழுதாகலாம். முதலில் இரத்தம் கொடுங்கள். அன்று மாலையே மாத்திரை வேண்டுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். இந்தச் சோதனைக்கு நிபுணரின் தேதிவரை காத்திருக்கத் தேவையில்லை, பலதுறை மருந்தக மருத்துவரிடமே கேட்கலாம். ஏற்கெனவே விழுங்கிவிட்டீர்கள் என்றால் அட்டையைக் கையோடு கொண்டுபோய் எத்தனை நாள், எத்தனை மாத்திரை என்று சொல்லுங்கள்.

பி6 பற்றியும் ஒன்று. ஒரு நாளைக்கு நமக்குத் தேவை 2 மில்லிகிராமுக்கும் குறைவு. சில நரம்பு மாத்திரைகளில் 100 மில்லிகிராமும் அதற்கு மேலும் இருக்கும். நீண்ட நாள் அதிக அளவில் எடுத்தால் அந்த பி6 வைட்டமினே நரம்பைக் கெடுத்து மரமரப்பைக் கொண்டுவரும். ஊரிலிருந்து வரும் லேகியமும் பொடியும் அப்படித்தான். சிலவற்றில் ஈயமும் பாதரசமும் இருந்தது கண்டறியப்பட்டிருக்கிறது. ஈயம் நரம்பைத் தாக்கும்.

'மயக்கம்' என்று மட்டும் சொல்வது

தமிழில் தலை சுற்றினாலும் மயக்கம், நினைவு தப்பினாலும் மயக்கம், கண் சொக்கினாலும் மயக்கம். மருத்துவருக்கு இவை மூன்றும் மூன்று வழிகள். எங்கள் புளோக்கில் ஒரு பாட்டி மயக்கம் என்றார். பேரன் அதை நினைவிழந்ததாக ஆங்கிலத்தில் சொன்னான். முதலில் இதயச் சோதனைகள் நடந்தன. பாட்டிக்கு இருந்ததோ, படுக்கையில் புரளும்போது அறை சுழலும் தலைசுற்றல்.

'பலவீனம்' என்ற சொல்லும் இதே சிக்கல்தான். சோர்வா, வலுவே இல்லையா? சொல்லை விட்டுவிட்டு, முடியாமல் போன காரியத்தைச் சொல்லுங்கள். சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, பஸ் படியில் கால் தூக்க முடியவில்லை, சாதம் பிசையும்போது சூடு தெரியவில்லை. "பரவாயில்லை டாக்டர்" என்று தொடங்கவே தொடங்காதீர்கள்.

தேதியைத் தள்ளிப்போடுவது

வேண்டாம். அடுத்த தேதி எப்போது வரும் என்று உங்கள் கையில் இல்லை.

புதிதாக வந்ததையும் அதே தேதிக்கு ஒத்திவைப்பது

காத்திருந்து பழகியவர்கள் எல்லாவற்றுக்கும் காத்திருக்கிறார்கள். முகம் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை தானாகக் கீழே இறங்கினால், பேச்சு குழறினால் உடனே ஆம்புலன்சுக்கு 995. பக்கவாதத்தில் இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை வழக்கமாக நாலரை மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும். மூச்சுவிடவோ விழுங்கவோ சிரமம் என்றாலும், தொடைகளுக்கு நடுவே உணர்வு போய்ச் சிறுநீர் கட்டுப்பாடு தவறினாலும் அவசரப் பிரிவுதான்.

நினைவு தப்பியபின் வண்டி ஓட்டுவது

மருத்துவர் சரி என்று சொல்லும்வரை சாவியைத் தொடாதீர்கள்.

காப்புறுதிப் படிவத்தில் மறைப்பது

2015இல் வந்த மெடிஷீல்டு லைஃப் என்ற அடிப்படைக் காப்புறுதி முன்பே உள்ள நோய்களையும் ஏற்கிறது. அதற்கு மேல் வாங்கும் தனியார் திட்டத்தில், பெயர் வைக்கப்படாத அறிகுறியையும் கேட்ட இடத்தில் எழுதியாக வேண்டும்.

'ஸ்கேன் சுத்தம், உனக்கு ஒன்றுமில்லை'

வீட்டார் சொல்வார்கள். நாமும் நம்பிவிடுவோம், அதுதான் தவறு. மூளையில் கட்டி இல்லை என்றால் கட்டி இல்லை, அவ்வளவுதான். வலியையும் சூட்டையும் கடத்தும் நுண்நரம்புகள் கெட்டிருந்தால் எம்ஆர்ஐயில் தெரியாது, வழக்கமான மின்னோட்டச் சோதனையிலும் தெரியாது. தோலில் சிறு துண்டு எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கும். நரம்பின் அமைப்பு சரியாக இருந்து இயக்கம் மட்டும் தடுமாறும் செயல்சார் நரம்பியல் கோளாறும் உண்மையான நோய்தான். மறுகாலைத் தூக்கும்போது வலுவிழந்த காலின் குதிகால் தானாகப் படுக்கையை அழுத்துகிறதா என்று பார்க்கும் ஹூவர் சோதனை 1908இலேயே எழுதப்பட்டுவிட்டது. நடிப்பு என்று அதற்குப் பொருள் இல்லை. மருத்துவர் அந்தப் பெயரைச் சொன்னால் கோபித்துக்கொண்டு வேறு இடம் தேடி ஓடாதீர்கள்.

படம் எடுக்காமல் விடுவது

தசைகள் எளிதில் களைத்துவிடும் மயஸ்தீனியா கிராவிஸ் நோய் உள்ளவருக்கு மாலையில் இமை சரியும், ஓய்வெடுத்தபின் காலையில் நன்றாகத் திறந்திருக்கும். மருத்துவரைப் பார்ப்பதோ காலை ஒன்பது மணிக்கு. கைப்பேசியில் தேதியோடு பதிவுசெய்யுங்கள்: இமை, நடுக்கம், நடை.

செருப்பு கழலும் காலை அந்தப் பெண்ணின் கைப்பேசியிலேயே படம் எடுத்துக் கொடுத்தேன். "மாத்திரையைக் குப்பையில் போடட்டுமா, அக்கா?" என்றார். போடாதீர்கள், உள்ளே போனதும் மேசைமேல் வையுங்கள், பி12 சோதனை வேண்டும் என்று வாய்விட்டுக் கேளுங்கள் என்றேன். என் எண்ணை அழைத்தபோது அவர் இரத்தம் எடுக்கும் அறை வாசலில், சுவரைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். கையில் அந்த அட்டை இருந்தது.