நாலு கேமரா, ஒரே வெளியீடு: எங்கே சறுக்குகிறது?

பல கேமராக்களின் படத்தை ஒரே கேபிளில் கொண்டுவர நினைப்பவர்கள் அவசரத்தில் வாங்கிவிடுவது எச்டிஎம்ஐ ஸ்பிளிட்டர். அது ஒரு சிக்னலைப் பலவாகப் பிரிக்கும் பெட்டி. திருப்பிப் போட்டால் பலவற்றை ஒன்றாக்காது. ஸ்விட்ச் என்று மலிவாக விற்பதும் ஒரு நேரத்தில் ஒரு கேமராவைத்தான் அனுப்பும், அதுவும் மாற்றும்போது திரை சற்று நேரம் கறுத்துப்போகும். நேரலையில் திரை கறுக்காமல் கேமரா மாற்ற வீடியோ ஸ்விட்சர் வேண்டும். எல்லாக் கேமராவையும் ஒரே சமயத்தில் கட்டம் கட்டமாகக் காட்ட மல்டிவியூவர். இந்த இரண்டில் எது தேவை என்று தெரிந்தபிறகு கடைக்குப் போங்கள்.

பழைய அனலாக் கேமராக்களில் இன்னொரு குறுக்குவழி உண்டு: இரண்டு வெளியீடுகளை 'ஒய்' கேபிளில் சேர்த்துவிடுவது. ஒவ்வொரு சிக்னலும், படம் எங்கே தொடங்குகிறது என்று திரைக்குச் சொல்லும் தனக்கான சிங்க் துடிப்போடு வருவதால், படம் உருளும், கிழியும். வேறெதுவும் நடக்காது.

உண்மையான தலைவலி நேரம்தான். கேமராக்கள் ஒவ்வொன்றும் தன் சொந்தக் கடிகாரத்தில் ஓடுகின்றன. ஜென்லாக் வசதி இருந்தால் எல்லாவற்றையும் ஒரே துடிப்பில் கட்டலாம். சாதாரணக் கேமராக்களில் அது கிடையாது. ஆகவே ஸ்விட்சரோ மல்டிவியூவரோ ஒவ்வொரு பிரேமையும் சற்றே பிடித்துவைத்து வரிசைப்படுத்துகிறது. நொடிக்கு 25 பிரேம் என்றால் ஒரு பிரேம் தாமதமே 40 மில்லிநொடி. ஆனால் மைக் ஒலி மிக்ஸர் வழியாக நேராக வந்துவிடும். பேசுபவரின் உதடு அசையுமுன் குரல் கேட்கும்! கைதட்டிப் படம்பிடித்து, எவ்வளவு முந்துகிறதோ அவ்வளவு ஒலியைத் தாமதப்படுத்துங்கள். ஒலி சரியில்லை என்று மைக்கை மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் பலர்; பாவம் அந்த மைக்.

ஒரு கேமரா 50 பிரேம், இன்னொன்று 60 பிரேம் என்று கலந்து வைப்பதும் இதே வகைதான். சில ஸ்விட்சர்கள் மாற்றிக்கொள்ளும், அசைவு திக்கித் திக்கித் தெரியும். சில, அந்த உள்ளீட்டையே காட்டாது. அளவும் வேகமும் எல்லாக் கேமராவிலும் ஒன்றாக இருக்கட்டும்.

நாலு 1080பி (1920×1080 புள்ளி) படங்களை ஒரு 1080பி திரையில் அடைத்தால் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது 960×540 புள்ளிகள். முகம் தெரியும், பலகையில் எழுதியது தெரியாது. நாலும் முழு அளவில் வேண்டுமானால் வெளியீடு 3840×2160 ஆக வேண்டும். பதிவுக்கருவியும் அதை ஏற்க வேண்டும். அதைவிட முக்கியம், கட்டம்போட்ட படத்தை மட்டும் பதிவுசெய்துவிட்டால் பிறகு ஒரு கேமராவை முழுத்தரத்தில் தனியே எடுக்க வழியே இல்லை. கேமராவின் கார்டிலும் பதிவு ஓடட்டும்.

கேபிள் விஷயத்தில் சிக்கனம் பார்க்காதீர்கள். சாதாரண எச்டிஎம்ஐ கேபிள் பத்துப் பதினைந்து மீட்டரைத் தாண்டினால் நம்ப முடியாது. பூட்டும் வசதியும் இல்லை, யாராவது கால் தடுக்கினால் கழன்றுவிடும். தூரத்துக்கு எஸ்டிஐ, அதாவது தொழில்முறைக் கேமராக்களில் இருக்கும், பூட்டிக்கொள்ளும் வீடியோ இணைப்பு. அதற்கு 75 ஓம் கேபிள். ரேடியோ வேலைக்கான 50 ஓம் கேபிளும் பார்க்க அதே மாதிரிதான் இருக்கும், ஏமாறாதீர்கள்.

கடைசியாகக் கேமரா மெனு. பேட்டரி அளவு, ஃபோகஸ் கட்டம் எல்லாம் வெளியீட்டில் வராதபடி அணைத்துவையுங்கள். தானாக அணையும் மின்சேமிப்பு வசதியையும் நிறுத்திவிடுங்கள்.