‘அப்பத்தா எப்ப வருவாங்க?’: சாவையும் நித்திய ஜீவனையும் குழந்தைக்குச் சொல்லும் முறை

வேதத்தில் யோவான் சுவிசேஷம் 11-ஆம் அதிகாரத்தில், இறந்துபோன தம் சிநேகிதன் லாசரு தூங்குகிறான் என்று இயேசு சொன்னதைச் சீடர்கள் தப்பாக விளங்கிக்கொண்டார்கள். தூங்கினால் சுகமாகிவிடுவானே என்றார்கள். அதற்குப் பிறகுதான் அவர் வெளிப்படையாக, லாசரு மரித்துப்போனான் என்றார். வளர்ந்த ஆட்களுக்கே பிடிபடாத பேச்சு நாலு வயதுக் குழந்தைக்கு எப்படிப் பிடிபடும்? ‘அப்பத்தா தூங்கறாங்க கண்ணு’ என்று கேட்ட பிள்ளை அன்று ராத்திரி கண்ணை மூடப் பயப்படும். மதியம் அம்மா சற்றுப் படுத்தாலும் உலுக்கி எழுப்பும்.

அதனால் முதலில் சாவைச் சொல்லுங்கள், நம்பிக்கையைப் பிறகு சொல்லுங்கள். வரிசை மாறினால் ‘பரலோகம் போயிட்டாங்க’ என்பது ‘திருப்பூர் போயிட்டாங்க’ என்பதுபோலத்தான் பிள்ளை காதில் விழும். எப்போது வருவார்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கும்.

சொல்ல வேண்டியவர் அம்மா அல்லது அப்பா. நடமாட்டம் இல்லாத இடத்தில் உட்காரவைத்து, நாலைந்து வாக்கியத்தில் முடியுங்கள்:

‘அப்பத்தா செத்துப்போயிட்டாங்க கண்ணு. அவங்க இருதயம் நின்னுபோச்சு. இனிமே மூச்சு விடமாட்டாங்க, பசிக்காது, வலிக்காது. திரும்ப நம்ம வீட்டுக்கு வரமாட்டாங்க. ஆனா ஆண்டவர் அவங்களை விட்டுடலை.’

‘செத்துப்போயிட்டாங்க’ என்று சொல்லக் கூச்சமாக இருந்தால் ‘இறந்துட்டாங்க’ என்று சொல்லலாம். ‘தவறிட்டாங்க’ வேண்டாம், சின்னப் பிள்ளைக்கு அது புரியாது. காரணத்தையும் பெயரோடு சொல்லுங்கள். ‘காய்ச்சல் வந்து போயிட்டாங்க’ என்றால் அடுத்த சளிக் காய்ச்சலுக்கே பிள்ளை நடுங்கும். ‘டாக்டரால சரிபண்ண முடியாத பெரிய நோய், உனக்கு வர்ற காய்ச்சல் வேற’ என்று பிரித்துச் சொல்லுங்கள்.

ஐந்து வயதுக்குக் கீழே சாவு திரும்பிவரக்கூடிய ஒன்றாகவே தோன்றும். ஆகவே அதே கேள்வி பத்துத் தடவை வரும். பத்துத் தடவையும் அதே வார்த்தைகளில் பதில் சொல்லுங்கள். ஏழெட்டு வயதில் பெரும்பாலான பிள்ளைகளுக்கு இது நிரந்தரம், எல்லோருக்கும் வருவது என்று விளங்கிவிடும். அந்த வயதில்தான் ‘நீங்களும் செத்துப்போவீங்களா?’ என்ற கேள்வி வரும். ‘ஒருநாள் எல்லாரும் சாவோம். நான் ரொம்ப நாள் உன்கூட இருப்பேன்னுதான் நினைக்கறேன்’ என்பது போதும். சத்தியம் பண்ணிக் கொடுக்காதீர்கள்.

எழவு வீட்டில் நல்ல மனதோடு சொல்லப்படும் சில ஆறுதல்கள் பிள்ளையைக் கெடுக்கும். ‘நல்லவங்களை ஆண்டவர் சீக்கிரம் கூப்பிட்டுக்குவாரு’ என்றால், நல்ல பிள்ளையாக இருக்கவே பயம் வரும். ‘மேலிருந்து உன்னைப் பார்த்துக்கிட்டே இருப்பாங்க’ என்றால் குளிக்கக்கூடக் கூச்சப்படும். ‘தேவதூதனா ஆயிட்டாங்க’ என்பது வேதத்திலேயே இல்லை. மனிதர் மனிதராகவே எழுப்பப்படுவார்கள் என்பதுதான் சபையின் விசுவாசம்.

அடுத்து வரும் கேள்வி இது: ‘பெட்டிக்குள்ள இருக்காங்களா, பரலோகத்துல இருக்காங்களா?’ இதைத் தட்டிக்கழிக்காதீர்கள். ‘உடம்பு பெட்டிக்குள்ள இருக்குது. அப்பத்தா ஆண்டவர்கிட்ட இருக்காங்க. கடைசியில ஆண்டவர் புது உடம்பு கொடுத்து எழுப்புவாரு’ என்று மூன்றாகப் பிரியுங்கள். சிலுவையில் பக்கத்தில் தொங்கியவனிடம் ‘இன்றைக்கு நீ என்னுடனேகூடப் பரதீசிலிருப்பாய்’ என்று இயேசு சொன்னது (லூக்கா 23:43) இரண்டாவதுக்கு ஆதாரம். மூன்றாவதுக்கு, சரீரம் உயிர்த்தெழும் என்று சொல்லும் விசுவாசப்பிரமாணத்தின் கடைசி வரியையே பிள்ளை வாரந்தோறும் ஆலயத்தில் ஒப்பிக்கிறது. அதை நினைவுபடுத்துங்கள். நித்திய ஜீவன் என்பதை ‘முடியாத லீவு’ போல விவரிக்க வேண்டாம். பத்து வயதுப் பிள்ளைக்கு அது அலுப்பாகத்தான் தெரியும். தேவனையும் கிறிஸ்துவையும் அறிவதே நித்திய ஜீவன் என்கிறது யோவான் 17:3. அப்படியானால் அது இப்போதே தொடங்கியிருக்கிறது, சாவு அதை அறுக்காது என்று சொல்லலாம்.

1 கொரிந்தியர் 15-இல் பவுல் உயிர்த்தெழுதலுக்கு உவமையாக விதையைக் காட்டுகிறார். ஈஸ்டருக்கு முந்தைய லெந்து நாட்களில் இதைச் செய்துகாட்டலாம். தட்டைப்பயறு நாலைந்தை ராத்திரி ஊறவைத்து, அடியில் ஓட்டை போட்ட பேப்பர் கப்பில் அரை அங்குல ஆழத்தில் ஊன்றுங்கள். ஒரு வாரத்துக்குள் முளைத்துவிடும். ஒரு விதையை எடுத்துவைத்துச் செடியோடு ஒப்பிடச் சொல்லுங்கள்: போட்டது ஒன்று, வந்தது வேறு, ஆனாலும் அதே பயறு. எழவு நடந்த வாரத்தில் மட்டும் இதைச் செய்யவே கூடாது. பிள்ளை கல்லறையையும் தோண்டிப் பார்க்கலாமா என்று கேட்கும், அல்லது முளைக்கவில்லையே என்று கவலைப்படும். செத்துப்போன யவீருவின் மகளை இயேசு எழுப்பிய கதைக்கும் இதே எச்சரிக்கை. ‘அவளை மட்டும் எழுப்பினாரே, எங்க அப்பத்தாவுக்கு நானும் ஜெபம் பண்ணினேனே’ என்று கேட்டால், ‘ஏன்னு எனக்கும் தெரியலை கண்ணு’ என்பதே நேர்மையான பதில். லாசருவை எழுப்பப்போகிறவரே முதலில் கண்ணீர் விட்டார் என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

அடக்க ஆராதனைக்கு வருகிறாயா என்று பிள்ளையையே கேளுங்கள். வருவதானால் வாசலிலேயே சொல்லிவிடுங்கள்: ஐஸ் பெட்டி இருக்கும், மூக்கில் பஞ்சு வைத்திருப்பார்கள், கை ஜில்லென்று இருக்கும், பெரியவர்கள் சத்தமாக அழுவார்கள். முத்தம் கொடுக்கச் சொல்லி வற்புறுத்தாதீர்கள். கல்லறைத் தோட்டத்தில் பெட்டிமேல் மண் விழும் சத்தம் பயமுறுத்தும். மண் போடப் பிடிக்காவிட்டால் கையில் கொஞ்சம் சம்பங்கி கொடுங்கள். பிள்ளையோடு இருக்க, நெருங்கிய துக்கத்தில் இல்லாத ஒருவரை முன்கூட்டியே நியமித்து, நடுவில் வெளியே கூட்டிப்போகும் பொறுப்பையும் அவரிடமே விடுங்கள்.

கொங்குப் பக்கத்தில் பல கிறிஸ்தவக் குடும்பங்களுக்குப் பாதிச் சொந்தம் இந்துக்கள். மாமன் வீட்டில் காக்காய்க்குச் சோறு வைப்பதைப் பிள்ளை பார்க்கும். ‘அவங்க அப்படி நம்பறாங்க, அவங்களுக்கும் துக்கம்தான், நாம இப்படி நம்பறோம்’ என்று சொல்லுங்கள், கேலி வேண்டாம். இதைவிடக் கடினமானது ஒன்று உண்டு, அம்மாவின் அப்பாவைப் பற்றியது: ‘அப்புச்சி ஆலயத்துக்கு வந்ததே இல்லையே, அவரு எங்க இருக்காரு?’ நரகம் என்று சொல்லிப் பிள்ளையின் பாசத்தை மிதிக்கவும் வேண்டாம், தெரியாததைத் தெரிந்ததுபோல் உறுதி சொல்லவும் வேண்டாம். ‘சர்வலோக நியாயாதிபதி நீதி செய்யாதிருப்பாரோ’ என்று ஆபிரகாம் கேட்டது (ஆதியாகமம் 18:25) இங்கே உதவும்: ‘அப்புச்சியை நம்மளவிட ஆண்டவருக்கு நல்லாத் தெரியும். அவரு அநியாயம் பண்ணமாட்டாரு.’ மரித்தவருக்காக ஜெபிக்கலாமா என்பதில் கத்தோலிக்கருக்கும் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) போன்ற சபையாருக்கும் வழக்கம் வேறு. உங்கள் பங்குத்தந்தை அல்லது ஆயர் சொல்வதையே வீட்டிலும் சொல்லுங்கள்.

அழுத பிள்ளை பத்து நிமிடத்தில் விளையாடப் போனால் திட்டாதீர்கள், பிள்ளைகளின் துக்கம் விட்டு விட்டுத்தான் வரும். ‘நான் சண்டை போட்டதாலயா செத்தாங்க?’ என்ற எண்ணத்தைப் பல பிள்ளைகள் வாய்விட்டுச் சொல்வதில்லை. கேட்காவிட்டாலும் நீங்களே ‘உன்னால இல்லை’ என்று சொல்லிவிடுங்கள். ‘நானும் பரலோகம் போகணும்’ என்பது பெரும்பாலும் ஏக்கம்தான். ஆனாலும் ‘எப்படிப் போவே?’ என்று பதறாமல் கேளுங்கள். வழி சொன்னாலும், பல வாரமாகச் சாப்பாடும் தூக்கமும் பள்ளியும் கெட்டாலும், ஜெபத்தோடு நிறுத்தாமல் மனநல மருத்துவரிடம் கூட்டிப்போங்கள்.