மூன்று மொழிச் செயலிக்கு ஒரே டெஸ்ட்

வெள்ளவத்தையில் வீட்டிலிருந்து வேலை செய்கிறேன். நான் சோதிக்கும் செயலிகள் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் ஓட வேண்டும். ஆகவே அப்பியத்தில் (போன் செயலியைத் தானாக இயக்கிச் சோதிக்கும் கருவி) டெஸ்ட் எழுதத் தொடங்குபவருக்கு முதலில் சொல்வது: பட்டனை அதன் எழுத்தை வைத்துத் தேடாதீர்கள். எக்ஸ்பாத்தில் (திரையில் ஒன்றைத் தேடிப் பிடிக்க எழுதும் குறிப்பு) 'செலுத்து' என்று எழுதினால், மொழியை மாற்றியதும் டெஸ்ட் விழும். ஒருமுறை நாற்பது டெஸ்ட் இப்படிச் சிவப்பாகி, விடியும்வரை இருந்து திருத்தினேன்.

மொழி மாறினாலும் மாறாத ஐடியை டெவலப்பரிடம் கேட்டு வாங்குங்கள். ஆண்ட்ராய்டில் ரிசோர்ஸ் ஐடி, ஐபோனில் அக்சசிபிலிட்டி ஐடென்டிஃபையர். ஆண்ட்ராய்டின் கன்டென்ட் டிஸ்கிரிப்ஷனை மட்டும் இதற்கு எடுக்க வேண்டாம். பார்வையற்றவருக்கு டாக்பேக் என்ற ஆண்ட்ராய்டு திரைவாசிப்பான் வாசித்துக் காட்டுவது அதைத்தான். அது அவரவர் மொழியில் இருக்கட்டும். ஐடி வந்திருக்கிறதா என்று, திரையில் உள்ளவற்றின் விவரங்களைக் காட்டும் அப்பியம் இன்ஸ்பெக்டரில் பாருங்கள்.

எப்போதும் 5 விநாடி நிற்கச் சொல்லும் 'ஸ்லீப் 5' போடாதீர்கள். தயாராகும்வரை மட்டும் காத்திருக்கும் வெப்டிரைவர்வெயிட்டில் 15 விநாடி வரம்பு கொடுங்கள்; பட்டன் 2 விநாடியில் தயாரானால் டெஸ்டும் அப்போதே நகரும்.

எமுலேட்டரில் (கணினியில் ஓடும் போலி போன்) எல்லாம் பச்சையானாலும், சின்னத் திரை போன் ஒன்றில் தமிழில் ஓட்டி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். 'கடவுச்சொல்லை மறந்துவிட்டீர்களா?' பாதியில் வெட்டுப்பட்டு நின்றதை நான் அப்படித்தான் கண்டேன்.