ஃப்ளோசார்ட்டில் 'காத்திரு' என்று கட்டம் போடாதீர்கள்

மைக்ரோகன்ட்ரோலர் (புரோகிராம் ஏற்றி இயக்கும் சிறு சிப்) பழகுகிறவர்கள் பலரும் முதலில் கை வைப்பது தண்ணீர் மோட்டாரில்தான். மாடித் தொட்டி காலியானால் மோட்டார் ஓட வேண்டும், நிரம்பினால் நிற்க வேண்டும், சம்ப் வற்றினால் ஓடவே கூடாது. அந்தச் சிப் பொருத்திய ஆர்டுயினோ ஊனோ போர்டு ஒன்று, மோட்டாரை ஆன் ஆஃப் செய்ய ஒரு ரிலே, நீர்மட்டம் சொல்லும் மூன்று ஃப்ளோட் ஸ்விட்ச் போதும். புரோகிராம் எழுதும் முன் தாளில் ஃப்ளோசார்ட், அதாவது வேலை வரிசையைக் கட்டமும் அம்புமாகக் காட்டும் படம், வரைகிறார்கள். மிக நல்ல பழக்கம். ஆனால் தாளுக்குத் தாள் அதே தவறுகள். அம்புக்குறி விட்டுப்போவது போன்றவற்றை வரைந்தவரே கண்டுபிடித்துவிடுவார், அவை இங்கே வேண்டாம்.

'முடிவு' என்ற கட்டம்

வேண்டாம். கரன்ட் இருக்கும்வரை சிப் சுற்றிக்கொண்டேதான் இருக்கும்.

'காத்திரு' என்ற கட்டம்

மோட்டாரைக் காவு வாங்குவது இதுதான். "மோட்டார் ஆன், 20 நிமிடம் காத்திரு, மோட்டார் ஆஃப்." தாளில் கச்சிதமாகத் தெரியும். புரோகிராமில் அது டிலே() ஆகிவிடும்: சொன்ன மில்லிவினாடி முடியும்வரை அடுத்த வரிக்குப் போகவிடாத கட்டளை. அந்த 20 நிமிடமும் உங்கள் புரோகிராம் வேறு எந்தப் பின்னையும் (ஸ்விட்சும் பட்டனும் இணையும் முனை) படிக்காது. நாலாவது நிமிடத்தில் சம்ப் வற்றினாலும் மோட்டார் ஓடும். பம்பின் தண்டு வழியே நீர் கசியாமல் அடைக்கும் மெக்கானிக்கல் சீலைக் குளிர்விப்பதே உள்ளே ஓடும் தண்ணீர்தான். வறட்டு ஓட்டத்தில் சீல் சூடேறிக் கெட்டு, பிறகு தண்டு வழியாக நீர் கசியும். பதறிப்போய் நிறுத்தும் பட்டனை அமுக்கினாலும் பலனில்லை. பட்டனைப் படிக்கும் கட்டம் வர இன்னும் 16 நிமிடம் இருக்கிறது.

போதாக்குறைக்கு, ஊனோவில் இன்ட் என்ற முழு எண் வகை 16 பிட். 32,767-க்கு மேல் கொள்ளாது. டிலேக்குள் 20 * 60 * 1000 என்று எழுதினால் பெருக்கல் வழிந்து 20,352 மட்டுமே மிஞ்சும்: 20 நிமிடம் 20 வினாடியாகிவிடும். 5 * 60 * 1000 என்றாலோ கழித்தல் எண்ணாகி, டிலே அதை 49 நாளுக்கும் மேல் என்று எடுத்துக்கொள்ளும். 1000-க்குப் பின்னால் யூஎல் (UL: அன்சைன்ட் லாங், கழித்தல் எண் இல்லாத பெரிய எண் வகை) சேர்த்தால் கணக்கு சரியாகும். ஆனால் காத்திருக்கும் கோளாறு அப்படியே இருக்கும்.

படத்தையே மாற்றி வரைய வேண்டும். ஓய்வு, ஓட்டம், கோளாறு என்று மூன்று நிலைகள். ஓட்டத்துக்குள் நுழையும்போது மில்லிஸ்() மதிப்பை, அதாவது புரோகிராம் தொடங்கியதிலிருந்து ஓடிய மில்லிவினாடிகளை, குறித்துவைக்க ஒரு கட்டம். அதன் பின் ஒவ்வொரு சுற்றிலும் நான்கு கேள்விகள்: சம்ப் வற்றியதா? பட்டன் அமுங்கியதா? தொட்டி நிரம்பியதா? 20 நிமிடம் தாண்டியதா? நான்குக்கும் 'இல்லை' என்றால் அம்பு மறுபடி முதல் கேள்விக்கே போகும். நேரத்தை 'இப்போது கழித்தல் தொடங்கியது' என்றே கணக்கிடுங்கள். மில்லிஸ் சுமார் 49.7 நாளில் பூஜ்யத்துக்குத் திரும்பும்போதும் இந்தக் கழித்தல் பிசகாது, மாறிகள் அன்சைன்ட் லாங்காக இருந்தால்.

வரைந்து முடித்ததும் ஏதாவது ஒரு கட்டத்தில் விரலை வையுங்கள். இந்த நொடி சம்ப் வற்றினால் மோட்டார் நிற்கும் கட்டத்துக்கு விரல் எத்தனை நேரத்தில் போய்ச் சேரும்? சில மில்லிவினாடிக்கு மேல் ஆனால் படம் தவறு.

கரன்ட் வந்த கணத்தை மறப்பது

கரன்ட் போய் வரும்போது தொட்டி பாதி நிரம்பியிருக்கலாம். 'தொடக்கம்' என்பதற்கு அடுத்த கட்டம் ரிலேயை அணைப்பது, அதற்கடுத்தது சென்சாரைப் படிப்பது. ரிலே போர்டுகள் பலவும், இணைத்த பின்னின் வோல்டேஜ் லோ (பூஜ்யம்) ஆனால் ரிலேயை ஆன் செய்பவை. ஊனோவில் பின்னை நேராக அவுட்புட் ஆக்கினால் அது லோவாகவே தொடங்கும், ரிலே 'டக்' என்று அடிக்கும். முதலில் ஹை எழுதுங்கள், பிறகு அவுட்புட் ஆக்குங்கள். இந்த வரிசை படத்திலும் இருக்கட்டும்.

ஒரே மட்டத்தில் ஆனும் ஆஃபும்

தண்ணீர் அலம்பும், மோட்டார் விட்டுவிட்டு ஓடும், ரிலே முனைகள் கருகும். கீழே ஒரு ஃப்ளோட், மேலே ஒரு ஃப்ளோட், இரண்டுக்கும் தனித்தனிக் கேள்விக் கட்டம்.

இன்டரப்ட்

ஓடும் புரோகிராமை இடைமறித்துச் சிப் தானாகவே தாவிப்போகும் சிறு பகுதி இது. தனித் தாளில் வரையுங்கள். பிரதான ஓட்டத்திலிருந்து அதற்கு எந்த அம்பும் போகக்கூடாது.